கைப்பேசியின் பூட்டும் அரசின் கடமையும்

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய கைப்பேசியிலும் ‘சஞ்சார் சாத்தி’ என்னும் அரசுச் செயலியை நிறுவியே விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் 28 அன்று ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. மக்களின் பாதுகாப்பே நோக்கம் என்றது அரசு. எதிர்க்கட்சிகளும் உரிமை அமைப்புகளும் எழுப்பிய கண்டனத்தால் டிசம்பர் 3 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. எனினும், கைப்பேசியை யாரிடமிருந்து காப்பது, காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விகள் எஞ்சியே நிற்கின்றன.

கைப்பேசியை இயக்கும் மென்பொருளில் பிழைகள் இருப்பது தவிர்க்க இயலாதது. தயாரித்த நிறுவனம் அறியும் முன்னரே பிறர் அறிந்துகொண்ட பிழை, திறந்து கிடக்கும் கதவாகும். அத்தகைய பிழைகளை வாங்கி விற்கும் சந்தை ஒன்று உலகில் இயங்குகிறது. இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓவின் பெகாசஸ், பயனர் எதையும் தொடாத நிலையிலும் ஐபோனுக்குள் நுழைந்தது. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில்தான் அவ்வழியை அடைத்தது. அரசுகளுக்கு மட்டுமே பெகாசஸை விற்பதாக என்எஸ்ஓவே கூறிவந்துள்ளது.

இது குறித்து உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகக் கண்டது. அது பெகாசஸ்தானா என்பது உறுதிப்படவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதைக் குழு பதிவு செய்தது. 2023 அக்டோபர் இறுதியில் தோழர் சீத்தாராம் யெச்சூரி உள்ளிட்ட எதிர்க்கட்சித் தலைவர்களுக்கு, அரசு ஆதரவு பெற்ற தாக்குதல் நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை ஆப்பிள் அனுப்பியது. எந்த அரசு என்பதை அது கூறவில்லை.

பெகாசஸ் விலையுயர்ந்த ஆயுதம், குறிவைக்கப்படுவோர் சிலரே. உழைப்பாளியின் கைப்பேசிக்குள் நுழைய அத்தனை செலவு தேவையில்லை. மலிவு விலைக் கைப்பேசிகள் பலவற்றுக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிடுகிறது. கருவி இயங்கும், பூட்டு பழுதடைந்திருக்கும். ஊரக வேலைத் திட்ட வருகைப்பதிவை 2023 ஜனவரி முதல் செயலி வழியே கட்டாயமாக்கிய அரசு, அந்தப் பூட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. இழப்பு நேர்ந்தால் மட்டும் ‘விழிப்பில்லாத பயனர்’ மீது பழி விழுகிறது.

ஆயினும் நம்மால் இயன்றதை நாம் செய்தாக வேண்டும். புதுப்பிப்பு வந்தவுடன் தள்ளிப்போடாமல் நிறுவுக. அமைப்புகள் பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியைப் பார்க்கலாம்; அது ஓராண்டுக்கும் முந்தையதாயின், அக்கருவியில் வங்கிச் செயலியை வைத்திருத்தல் நன்றன்று. போக்குவரத்து அபராதம், உழவர் நிதி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளைத் திறவாதீர். குறுஞ்செய்தியைப் படிக்கவும் திரையைக் கட்டுப்படுத்தவும் அனுமதி கேட்கும் செயலிகளை ஐயுறுக. வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலை அவ்வப்போது பாருங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். தாக்குதலுக்கு உள்ளாகும் வாய்ப்புள்ள தோழர்கள் ஐபோன் வைத்திருந்தால், அதிலுள்ள லாக்டவுன் முறையை இயக்கலாம்.

ஒரு தோழரின் கைப்பேசியில் இருப்பவை அவருடைய செய்திகள் மட்டுமல்ல. கிளை உறுப்பினர்களின் பெயர்கள், தொழிற்சங்கம் அமைக்க முன்வந்த தொழிலாளர்களின் எண்கள், வேலைநிறுத்தத் திட்டங்கள் ஆகியவையும் அதில் உள்ளன. பட்டியல்களைக் குழுக்களில் பகிராதிருப்பதும் தேவை முடிந்தவற்றை அழிப்பதும் அமைப்புக் கட்டுப்பாட்டின் பகுதியே.

தனிமனித எச்சரிக்கைக்கு எல்லை உண்டு. விற்பனை நின்ற பின்னும் ஐந்தாண்டுகள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் விதித்துள்ளது. இந்தியாவிலும் அத்தகைய விதி வேண்டும். தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு விலக்களிக்க 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. இப்பிரிவு நீக்கப்பட வேண்டும். கண்காணிப்பு நீதிமன்ற அனுமதிக்கு உட்பட வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமித்து அளித்த தீர்ப்பு, மக்கள் போராட்டத்தின் வழியேதான் மலிவு விலைக் கைப்பேசி வைத்திருப்பவருக்கும் உயிருள்ள உரிமையாகும்.