சக்கரமும் திரிகையும்

மலைநாட்டின் பழைய நீர்ச்சக்கரங்களைப் பற்றி அண்மைக் காலத்தில் ஒருவகைப் பரவசம் தோன்றியிருக்கிறது. அருவியைப் பிடித்து ஆலையை ஓட்டிய துரைமாரின் மதிநுட்பம் வானளாவப் புகழப்படுகிறது. அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன செல்லும் உல்லாசப் பயணிக்கு, 1890இல் அத்தொழிற்சாலையை எழுப்பிய தொமஸ் லிப்டனின் பெயர் சொல்லப்படுகிறது. அவர் அமர்ந்து மலைகளை நோக்கிய இடமும் காட்டப்படுகிறது. இம்மலைகளில் வாய்க்கால் வெட்டியவர் யார், நீர் சுழற்றிய சக்கரத்தினால் எவருடைய பாரம் குறைந்தது என்ற வினாக்கள் மட்டும் எழுவதில்லை. அவ்வினாக்களை நாம் எழுப்புகிறோம்.

யந்திரத்தின் மீது நமக்குப் பகையில்லை. நீராலை மனிதகுலத்தின் அரும்பெரும் ஆக்கங்களுள் ஒன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தெசலோனிக்காவைச் சேர்ந்த அந்திப்பற்றர் என்னும் கிரேக்கக் கவிஞர், தானியம் அரைக்கும் நீராலையை வரவேற்றுப் பாடினார். விடியுமுன் எழுந்து திரிகை சுற்றிய பெண்களின் கைகளுக்கு அது ஓய்வு தரும் என அவர் மகிழ்ந்தார். பிற்காலத்தில் மார்க்ஸ் தமது ‘மூலதன’த்தில் அக்கவிதையை நினைவுகூர்ந்தது தற்செயலன்று. உழைப்பைக் குறைக்க வல்ல கருவி, உடைமையாளன் கையில் உழைப்பை மேலும் பிழியும் கருவியாவது எவ்வாறு என்பதே அவர் ஆராய்ந்த பொருள்.

அந்த மாற்றத்தை ஐரோப்பிய வரலாறே காட்டுகிறது. இங்கிலாந்தில் சென்ற் ஆல்பன்ஸ் மடத்தின் குடிகள், மடத்து ஆலையிலேயே தானியம் அரைத்து அதற்குக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. வீட்டில் திரிகை வைத்திருப்பது குற்றமாயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் மடாதிபதி குடிகளின் திரிகைகளைப் பறித்து, அக்கற்களைக் கொண்டே தம் மடத்தின் அறையொன்றுக்குத் தளம் பாவினார். 1381இல் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது, மக்கள் அத்தளத்தைப் பெயர்த்துக் கற்களை உடைத்துத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். அவர்களுக்கு ஆத்திரம் சக்கரத்தின் மீதன்று. ஆற்றையும் சக்கரத்தையும் ஒருவன் தனதாக்கிக்கொண்டதன் மீதே.

இனி நமது மலைகளுக்கு வருவோம். ஊவாவில் நீர்ச்சக்கரத்தைக் கொணர்ந்தது தோட்டப் பயிர்ச்செய்கையே. கோப்பிக் காலத்தில் பழத்தின் தோலை உரிக்கும் பொறிகளை நீர் சுழற்றிற்று. 1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. வாட்டிய கொழுந்தைத் தொடக்கத்தில் கையாலேயே உருட்டினர். பின்னர் உருளைப் பொறிகள் வந்தன. அவற்றை இயக்க ஓடையை மறித்து அணை கட்டினர். மலைச்சரிவை வளைத்து வாய்க்கால் எடுத்தனர். இரும்புக் குழாய் வழியே நீரை ஆழத்துக்கு வீழ்த்தினர். வீழ்ந்த நீர் முதலில் சக்கரத்தையும் பின்னாளில் நீர்ச்சுழலியையும் சுழற்ற, நீண்ட இரும்புத்தண்டும் தோற்பட்டைகளும் அவ்விசையைப் பொறிகளுக்குக் கொண்டு சென்றன. பாறையை உடைத்ததும், குழாயைச் சுமந்ததும், மழையில் வாய்க்கால் தூர்த்தபோது மண் அள்ளியதும் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்களின் கைகளே.

அக்கைகளுக்கு அச்சக்கரம் தந்தது என்ன? ஆலைக்கும் லயத்துக்கும் இடையே கூப்பிடு தூரந்தான். ஆலையில் நீர் கொழுந்தை உருட்டிற்று. லயத்திலோ, பகலெல்லாம் கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண், இரவில் குரக்கனைத் திரிகையிலும் மிளகாயை அம்மியிலும் கையாலேயே அரைத்தாள். சென்ற் ஆல்பன்ஸ் மடாதிபதி கட்டணம் வாங்கிக்கொண்டாவது குடிகளின் தானியத்தை அரைத்துக் கொடுத்தார். நமது தோட்டத்துச் சக்கரம் இலண்டன் சந்தைக்காகவே சுழன்றது. நீர்விசை மின்சாரமாக மாறியபோதும் இதே கதைதான்: தொழிற்சாலையிலும் பங்களாவிலும் விளக்கெரிந்தது, லயத்துப் பிள்ளை குப்பிவிளக்கின் புகையில் எழுத்துக் கூட்டியது.

“மூலதனமின்றிச் சக்கரம் ஏது?” என்று வினவுவோர் உளர். மலையில் பெய்யும் மழையை எந்த முதலாளி படைத்தான்? வாய்க்காலை வெட்டியது உழைப்பு. சக்கரத்துக்கான இரும்பை வாங்கிய பணமும் கூலியில் மிச்சம்பிடித்த உழைப்பின் பயனே. இவ்வுண்மையைத் தொழிலாளர் உணராமலில்லை. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் தமக்கெனத் தொழிலாளர் சபையொன்றைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்தத் தோட்டத்துரை இணங்கினார். பொலிஸ் அடக்குமுறையே அவ்வெழுச்சியை வீழ்த்தியது.

அதன்பின் சக்கரத்தின் உடைமையாளர் பலமுறை மாறினர். 1948இல் குடியுரிமையை இழந்த மக்களின் தோட்டங்களை 1972இலும் 1975இலும் நிறைவேறிய சட்டங்கள் அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தேசிய மின்வலையமைப்பு மலையேறிய பின் பழைய நீர்ப்பொறிகள் பல துருவேறிக் கிடந்தன. 1990களின் பிற்பகுதியில் சிறு நீர்மின் நிலையங்கள் அவ்வலையமைப்புக்கு மின்சாரம் விற்க வழி திறந்ததும், மலை ஓடைகளின் மீது மூலதனத்தின் பார்வை மறுபடி விழுந்தது. 2024இல் திறக்கப்பட்ட உமாஓயாத் திட்டம் 120 மெகாவாற்று ஆற்றலுடையது. அதன் சுரங்கத்தில் 2014இன் இறுதியில் ஏற்பட்ட நீர்க்கசிவால் பண்டாரவளைப் பகுதியின் கிணறுகள் வற்றின. சக்கரம் பெரிதாகும்போது இழப்பும் பெரிதாகிறது; அதைச் சுமப்போர் அதே எளிய மக்கள்தாம்.

வேறு வழி உண்டா? உண்டு. 1990கள் முதல் இலங்கையின் மலைக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் மின்நுகர்வோர் சங்கம் அமைத்து, சிற்றோடையில் சிறு மின்பொறி நாட்டி, தம் வீடுகளுக்குத் தாமே ஒளியேற்றினர். கிராமத்தானுக்கு இயன்றது லயத்தானுக்கு ஏன் இயலவில்லை? குடியிருக்கும் காணியே பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு இன்றும் சொந்தமில்லை. ஓடையில் பங்கு கேட்கும் உரிமை அங்கேதான் தடைப்படுகிறது. ஆகவே காணியுரிமையும் நீருரிமையும் ஒரே கோரிக்கையாக எழ வேண்டும். பழைய நீர்ப்பொறி எங்கே மீண்டும் சுழன்றாலும், அதன் வருவாயில் அத்தோட்டத்து மக்களுக்குச் சட்டப்படியான பங்கு வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவருக்கும் இதில் உடனடிக் கடமையொன்றுண்டு. தூர்ந்துபோன வாய்க்கால்களையும் உடைந்த அணைகளையும் தேடிச் சென்று குறித்துக்கொள்வோம். ஆலையில் உழைத்து முதுமையடைந்தோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் சொல்வதை எழுதிவைப்போம். சக்கரத்தின் வரலாற்றை எழுதும்போது, லயத்து மூலையில் கிடக்கும் திரிகையையும் அதன் பக்கத்தில் வைத்து எழுதுவோம். அப்பொழுதுதான் நீர் யாருக்காக ஓடியது என்பதை நம் பிள்ளைகள் அறிவர்; இனி யாருக்காக ஓட வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிப்பர்.