முள் நீங்காதவர்களின் சாட்சி

கர்த்தருக்குள் அன்பான சபையாரே,



பிலிப்பியர் 4:13ஐ அறியாத வீடு நம் நடுவில் இல்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும், ஆட்டோவின் பின்புறத்திலும், தேர்வெழுதப் போகும் பிள்ளையின் பேனாப் பெட்டியிலும் அது இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் அவ்வசனத்தைப் பிணியாளரின் கட்டிலருகே கொண்டுபோய், "பெலனுண்டு என்று அறிக்கை செய்யுங்கள், பலவீனம் என்று வாயினால் சொல்லாதேயுங்கள்" என்று கட்டளையிடும் போதகம் ஒன்று நம் சபைகளில் வேரூன்றி வருகிறது. அதை நான் எதிர்க்கிறேன். விசுவாசத்தின் பெயரைச் சொல்லி வருகிற அப்போதகத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை.

அவ்வசனத்தை எழுதியவர் காவலில் இருந்தவர். அதற்கு முந்தின வசனம் பசியையும் குறைவையும் பற்றிப் பேசுகிறது. அதற்கு அடுத்த வசனத்தை எந்த அட்டையிலும் நான் கண்டதில்லை. தம் உபத்திரவத்தில் பிலிப்பியர் பங்குகொண்டது நல்லது என்று பவுல் அங்கே பாராட்டுகிறார். கிறிஸ்துவினால் எதையும் தாங்கும் பெலன் பெற்றவர், சகோதரர் அனுப்பிய உதவியைக் கைநீட்டி வாங்கினார், வாங்கியதை மறைக்கவுமில்லை. அவ்வுதவியைச் சுமந்துவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்தார் என்று அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது.

இன்னும் கேளுங்கள். எபேசுவில் பவுலின் சரீரத்திலிருந்து எடுத்த உறுமால்களும் கச்சைகளும் பிணியாளரைச் சுகமாக்கின (அப்போஸ்தலர் 19). அதே எபேசுவைச் சேர்ந்தவன் துரோப்பீமு. அவனையோ பவுல் மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). உறுமால் சுகமாக்கிய ஊரின் மகனுக்குப் பவுலின் கரம் ஏன் சுகம் தரவில்லை? துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று பவுல் எழுதவில்லை. நாமோ எழுதிவிடுகிறோம்! தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் அவர் கொடுத்த ஆலோசனை, கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்பதே.

பவுலின் மாம்சத்திலிருந்த முள் என்னவென்று வேதம் சொல்லவில்லை. மூன்றுதரம் வேண்டினார், முள் எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில் கிடைத்தது. இதை அவர் கொரிந்தியருக்கு எழுதிய சூழலைக் கவனியுங்கள். வல்லமையைக் காட்டி மேன்மைபாராட்டிய போதகர் அங்கே இருந்தார்கள். பவுலின் தோற்றம் பலவீனம், பேச்சு அற்பம் என்று பரிகசித்தவர்களும் இருந்தார்கள். இன்றைய மேடைகளை எண்ணிப் பார்த்தால் கொரிந்து வெகுதூரத்தில் இல்லை. கிறிஸ்துவின் வல்லமை தம்மேல் தங்குவதைப் பற்றிச் சொல்ல, பவுல் எடுத்த கிரேக்கச் சொல்லுக்குக் கூடாரமிடுதல் என்பது பொருள். அவர் தொழிலும் கூடாரம் பண்ணுவதல்லவா? பலவீனன் பலவீனனாகவே இருக்கிறான்; கிறிஸ்துவின் வல்லமை அவன்மேல் கூடாரமாய் விரிகிறது.

"அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ஜெபியுங்கள். யாக்கோபு சொன்னபடி எண்ணெய் பூசி நானும் ஜெபிக்கிறேன். தேவன் சுகமாக்குகிறார் என்று நம்புகிறேன். சுகம் வராதபோது அதைப் பிணியாளியின் குற்றக்கணக்கில் எழுதுகிறார்களே, அதோடுதான் என் வழக்கு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்குவதை மறைக்கும் தாய்மாரும், மனச்சோர்வுக்காக மருத்துவரைப் பார்த்ததைச் சொல்ல அஞ்சும் வாலிபரும் நம் சபைகளில் உண்டு. சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டின எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் அனுப்பினார்.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாயிருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்து காயமுற்றார். அதன்பின் 1951இல் மரிக்கும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். நலமாயிருப்போர் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் உரைகள் தம் மனதைத் தொடவில்லை என்று கண்டு, நோயாளியாக நோயாளிகளுக்கே ஒரு நூல் எழுதினார். அந்த அம்மையாருக்கு விசுவாசக் குறைவு என்று சொல்ல எவருக்குத் துணிவுண்டு?

ஆகவே வருகிற ஞாயிறு முதல் நம் சாட்சி வேளையில் சுகமானவர்கள் மட்டுமல்ல, சுகமாகாதவர்களும் எழுந்து பேசலாம். அவர்கள் பேசி முடிக்கும்போது ஒருவரும் வசனம் சொல்லித் திருத்த வேண்டாம். மருத்துவமனைக்குத் துணைக்கு யார் வருகிறார்கள், இரவில் கஞ்சி யார் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண்கள் ஐக்கியமும் வாலிபர் சங்கமும் இதற்கான பெயர்ப் பட்டியலைச் சனிக்கிழமைக்குள் என்னிடம் தர வேண்டுகிறேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்