சுதேசி யந்திரமும் க்ஷயரோகியும்

தமிழ்நாட்டின் வடமேற்கு வாயிலில் இருக்கிறது ஜூஜுவாடி. ஓசூரைச் சேர்ந்த இச்சிற்றூரில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வழங்கும் இவ்வட்டாரத்துத் தொழிற்சாலைகளை நம்பி ஒரிஸ்ஸா, பீஹார், அஸ்ஸாம் முதலிய மாகாணங்களின் ஏழைகளும் வந்து குடியேறியிருக்கிறார்கள். காற்றோட்டமில்லாத ஓரறையில் பலர் முறை வைத்துப் படுத்தெழும் இடங்களில் க்ஷயரோகம் எளிதில் குடிபுகும். உலகத்தில் இந்நோய் காண்பவரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதை நினைத்தால், இது ஜூஜுவாடிக்கு மாத்திரம் உரிய விஷயமன்று என்பது விளங்கும்.

நோயைக் கண்டுபிடிக்க வழியில்லையா? 1882-ல் கோக் என்னும் ஜெர்மானியர் க்ஷயக் கிருமியை உலகுக்குக் காட்டினார். அதுமுதல் சளியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதே ஏழைக்குக் கிடைத்த பரீக்ஷையாக இருந்து வந்தது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் பல ஆயிரம் கிருமிகள் இருந்தாலன்றி அது கண்ணுக்குத் தெரியாது. 'உனக்கு நோயில்லை' என்று திருப்பியனுப்பப்பட்ட தொழிலாளி, தன் அறைத் தோழர்களுக்கு நோயைப் பங்கிட்டுக் கொண்டிருப்பான்.

இக்குறையைத் தீர்த்தது டி.என்.ஏ. என்னும் உயிர்ச்சரட்டைப் பெருக்கும் வித்தை. சரட்டைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரு புரிகளும் பிரிகின்றன. சூட்டைத் தணித்தால், நாம் தேடும் பகுதியின் இரு முனைகளிலும் சிறு துணுக்குகள் சென்று ஒட்டுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு நொதிப்பொருளொன்று புதுப் புரியை நெய்கிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும். ஒளிந்திருந்த கிருமி இனி ஒளிய முடியாது.

1983-ல் இதனை உருவாக்கிய அமெரிக்கர் கேரி முல்லிஸுக்கு 1993-ல் நோபெல் பரிசு கிடைத்தது. அவருடைய பெருமையை நாம் குறைக்க விரும்பவில்லை. ஆயினும், இரு துணுக்குகளைக் கொண்டு சரட்டைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கலாம் என்ற கருத்தை 1971-லேயே வெளியிட்டவர்கள் கிளெப்பேயும் ஹர் கோவிந்த் கொரானாவும் அவர்களுடைய சகாக்களுமாவர். கொரானா யார்? 1922-ல் பஞ்சாபில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். மேல்நாட்டில் படித்து 1949-ல் தாய்நாடு திரும்பிய அவருக்கு இங்கே தக்க உத்தியோகம் கிடைக்கவில்லை. மறுபடியும் கடல் கடந்தார். 1968-ல் அவர் நோபெல் பரிசு பெற்றபோது அமெரிக்கப் பிரஜையாயிருந்தார். அறிவுக்கு இடமளிக்காத தேசம் அதன் பலனைப் பிறரிடம் விலை கொடுத்து வாங்க நேரிடும் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தக் கடனைத் தீர்க்கும் வேலை நம் அண்டையிலேயே நடந்திருக்கிறது. ஜூஜுவாடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரிலுள்ள பெங்களூரில் பிக்டெக் ஆய்வுசாலையார் வகுத்து, கோவாவின் மால்பயோ கம்பெனியார் உற்பத்தி செய்யும் 'ட்ரூநாட்' யந்திரம், கிராம ஆஸ்பத்திரியின் மேஜைமீது வைக்கத்தக்கது, பாட்டரியில் ஓடுவது, சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்வது. ரிஃபாம்பிஸின் மருந்துக்கு மசியாத கிருமியையும் மறு சோதனையில் காட்டிக்கொடுக்கும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் இதற்கு அங்கீகாரம் வழங்கியது.

கருவி இருக்கிறது, அது தொழிலாளியைச் சென்றடைய வேண்டும். பூதக்கண்ணாடியைவிட இதற்குச் செலவு அதிகமென்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. சிகிச்சை பெறாத ஒரு நோயாளி வருஷத்தில் பத்துப் பேருக்கு மேல் கிருமியைத் தொற்றவைக்கக்கூடும் என்பதையும் அவர்கள் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். அப்பொழுது எது சிக்கனம் என்று தெரியும்.

ஆகவே சர்க்காருக்கு நாம் சொல்வது இது: எல்லைப்புறத் தொழிலாளியின் சளிக்கு முதற்பரீக்ஷை இதுவாகவே இருக்க வேண்டும், சில்லுகள் ஒருநாளும் தீர்ந்து போகலாகாது. சாதாரண க்ஷயத்துக்கே மருந்து ஆறு மாதம். இன்று ஓசூரில் இருப்பவன் அடுத்த மாதம் அத்திப்பள்ளிக்கு வேலை மாறுவான். 'நிக்ஷய்' பதிவு தேசம் முழுவதற்கும் பொதுதான். ஆனால் பதிவு மட்டும் மாத்திரையை வாயில் போடாது. எல்லையின் இருபுறத்து அதிகாரிகளும் கூடிப் பேசி, அவனுக்கு ஒரு வேளை மருந்தும் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நோயென்று தெரிந்தால் வேலை போகுமென்று அஞ்சுகிறவன் பரீக்ஷைக்கு வரமாட்டான். சிகிச்சைக் காலத்தில் அவனுடைய வேலைக்கு உத்தரவாதம் கொடுங்கள். தொழிற்சங்க ஊழியர்களும் தேசத்தொண்டர்களும் அறை அறையாகச் சென்று இதை எடுத்துச் சொல்ல வேண்டும். 1949-ல் ஒரு மேதையை வெளியே போகவிட்டோம். அவர் பங்குகொண்டு வளர்த்த வித்தை சுதேசி யந்திரமாகத் திரும்பி வந்திருக்கும்போது, இருமிக்கொண்டு நிற்கும் ஏழையின் வாசல்வரை அதைக் கொண்டுபோகாதிருந்தால் மன்னிப்பே கிடையாது.