உலை மாறாமல் உடல் இளைக்காது

இரவு 2 மணிக்கு ஏரியில் இறங்கியவர் விடிந்து கரை ஏறும்போது வயிற்றில் இருப்பது இரண்டு டீயும் ஒரு பன்னும்தான். ஏலம் முடித்து, வலை அலசி, வீட்டுக்கு வர மணி பத்தைத் தாண்டிவிடும். அப்போதுதான் முதல் சோறு. தட்டு நிறையச் சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். சாப்பிட்டதும் தூக்கம். மாலையில் வலை பொத்தும்போது மறுபடி டீ, பஜ்ஜி. இருட்டியதும் இன்னொரு தட்டுச் சோறு. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் நாற்பதைக் கடந்த ஆண்கள் பலருக்கு ஒரு நாள் இப்படித்தான் போகிறது. அப்படி ஒருவரிடம் 'முப்பது கிலோ குறைக்க வேண்டும்' என்று சொல்லி, காலை எட்டுக்கு ஓட்ஸ், பதினொன்றுக்கு மோர், ஒரு மணிக்கு இரண்டு சப்பாத்தி என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்தால், அந்தத் தாள் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு வாரம் தாங்கும். பிறகு குற்றம் முழுக்க அவர் தலையில் விழும். வாயைக் கட்டத் தெரியாதவர் என்று வீட்டார் சொல்வார்கள், சொந்தக்காரர்கள் சொல்வார்கள், கடைசியில் அவரே சொல்லிக்கொள்வார். அந்தப் பழியை இறக்கிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் உயரத்துக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 ஆக இருந்தது 37 ஆனது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஒரு மாநிலத்து மக்களின் மன உறுதி இப்படி ஒரேயடியாகக் கரைந்துபோகுமா? மாறியது மக்களின் மனம் அல்ல. அவர்களைச் சுற்றியிருக்கும் சோறும் வேலையும் கடையும்.

பழவேற்காட்டில் அந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கழி ஊன்றியும் பாய் விரித்தும் படகு நகர்ந்த காலம் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகளும் எஞ்சின்களும் கரையெங்கும் பெருகின. உயிருக்கு ஆபத்தான உழைப்பு குறைந்தது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த உழைப்பு எரித்த சோற்றின் அளவு மட்டும் தட்டில் அப்படியே நின்றுவிட்டது. தலையில் கூடை வைத்து ஊர் ஊராக நடந்து மீன் விற்ற பெண்கள் இன்று ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது. பசியை விரட்டிய அரிசி அது, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கூடவே சலுகை விலையில் பாமாயில் வருகிறது. பருப்பு மாதம் ஒரு கிலோ. மாதக் கடைசியில் அடுக்களையில் எது மிச்சமிருக்கும், எது தீர்ந்திருக்கும் என்பதை எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லிவிடுவார்.

மீன் எங்கே போனது? இதுதான் என்னை உறுத்தும் கேள்வி. பிடிபட்ட நண்டும் இறாலும் கொடுவாவும் ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்கும் அதைத் தாண்டியும் போகின்றன. கடன் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீன் என்ற கட்டு வேறு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, ஏரி நீரின் உப்பும் மாறிப்போகும், பாடு, அதாவது வலையில் விழும் மீன், குறையும். பாடு குறைந்தால் முதலில் குறைவது வீட்டுக் குழம்பில் போடும் மீன். அந்த இடத்தை நிரப்புவது சோறு. ஆகவே முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது பிழைப்புப் பிரச்சினை மட்டும் அல்ல, உடல்நலப் பிரச்சினையும்கூட. மீன்வளத் துறையும் சுகாதாரத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

சரி, நிறைய எடை குறைக்க வேண்டியவர் எந்த உணவு முறையைத் தேர்ந்தெடுப்பது? பேலியோவா, இடைவிட்ட விரதமா, கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா? இந்தச் சண்டைக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் 811 பேரை நான்கு விதமான உணவு முறைகளில் பிரித்து இரண்டாண்டு கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவற்றின் விகிதம் மாறினாலும் இறங்கிய எடை ஏறத்தாழ ஒன்றே. 2018இல் 609 பேரை வைத்து ஓராண்டு நடந்த இன்னொரு ஆய்விலும், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைப்பிடிக்க முடிந்ததே நல்ல முறை. பேலியோவில் இளைத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் தினமும் கைநிறையப் பாதாமும் பனீரும் வெண்ணெயும் வாங்க, பாடு கிடைத்த நாளில் மட்டும் காசு புழங்கும் வீட்டால் எத்தனை மாதம் முடியும்?

மாதக் கணக்கை முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ குறைவதுதான் பாதுகாப்பு என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி. ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகும் பட்டினி முறை கூடாது என்கிறது. அப்படியானால் 30 கிலோவுக்கு 60 வாரம், அதாவது ஓராண்டுக்கும் மேல். நடைமுறையில் இன்னும் நீளும். ஏனென்றால் உடல் சிறுக்கச் சிறுக்க அதற்குத் தேவையான தீனியும் சிறுக்கிறது. சில மாதங்களில் எடைக் கருவியின் முள் நகராமல் நிற்கும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 100 கிலோ உள்ளவர் முதல் 5 கிலோ, 10 கிலோ இறக்கினாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். பிரிட்டனில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், சர்க்கரை நோய் வந்து ஆறாண்டுக்கு மேல் ஆகாதவர்களில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்த பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த கடுமையான முறை. வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக் கூடாதது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து நடு ஏரியில் மயங்கி விழ நேரிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஓராண்டுக்கு மேல் தாங்க வேண்டிய உணவு என்றால் அது குப்பத்திலேயே கிடைக்க வேண்டும். கிடைக்கிறது. மடவை, கிழங்கான், காரப்பொடி, மத்தி, நெத்திலி. ஏலத்தில் விலை போகாத பொடிமீனில்தான் முள்ளோடு மென்று தின்னக்கூடிய சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் புரதம். குழம்பாகவோ அவித்தோ சாப்பிட்டால் வயிறு நிறையும், எடை ஏறாது. எண்ணெயில் முக்கி எடுத்தால் கணக்கு மாறிவிடும். தட்டில் இப்போது சோறு இருக்கும் இடத்தில் மீனும் கீரையும், மீன் இருக்கும் ஓரத்தில் சோறும் வரட்டும். முருங்கைக்கீரை உப்பு மண்ணிலும் ஓரளவு வளரும். மற்ற காய்கறி பொன்னேரியிலிருந்து வந்தாக வேண்டும். தீவுக் குப்பங்களுக்குப் படகில் போய்ச் சேர்வதற்குள் விலையும் ஏறி வாடியும் போய்விடுகிறது. வாரம் இரண்டு முறை மகளிர் குழுக்கள் மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்தால் இந்த ஒரு தடை உடையும். கருவாட்டை விடச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு 5 கிராமுக்குள் நிற்க வேண்டிய உப்பு ஒரு துண்டுக் கருவாட்டிலேயே பெருமளவு வந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவி, வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரத்தையும் வேலைக்குத் தக்கபடி வைக்க வேண்டும். இரவுத் தொழிலுக்குப் போகிறவருக்குக் காலை எட்டு மணிச் சாப்பாடு பொருந்தாது. பத்து மணிச் சோறே அவருடைய பெரிய சாப்பாடு. மாலையில் சுண்டல் அல்லது அவித்த முட்டை, இருட்டும் முன் சின்னச் சாப்பாடு, படகில் போகும்போது பன்னுக்குப் பதில் வேர்க்கடலை. இவ்வளவு போதும்.

டீயைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றாலும் 10 கிராம் சர்க்கரை. ஐந்து டீயில் 50 கிராம். அந்த உணவு வழிகாட்டி சொல்லும் அளவு நாளைக்கு 25 கிராமுக்குள். மதுவையும் மறைக்காமல் பேசுவோம். ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது, கூட வரும் வறுவல் தனி. அந்த 400ஐ வைத்துக்கொண்டு தட்டில் ஒரு கைப்பிடிச் சோற்றைக் குறைப்பதால் எதுவும் நடக்காது. குடிக்கிறவரை அவமானப்படுத்தாமல், மருத்துவ உதவி தேடித் தந்து வெளியே கொண்டுவரும் பொறுப்பு குடும்பத்துக்கும் ஊருக்கும் அரசுக்கும் உண்டு.

ஒரு வீட்டில் ஒரு உலைதான் கொதிக்கும். அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி, பிள்ளைக்குத் தனி என்று சமைக்க அடுப்பும் இல்லை, நேரமும் இல்லை. எடை குறைக்க வேண்டியவர் பெண் என்றால் நிலைமை இன்னும் மோசம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சச் சோற்றைப் பாழாக்க மனமில்லாமல், மீன் தீர்ந்த குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவர் அவர். அவருக்கு உணவு அட்டவணை கொடுப்பதற்கு முன், மீனில் அவர் பங்கை முதலில் எடுத்து வைக்க வீட்டு ஆண்கள் பழக வேண்டும்.

இதே குப்பத்தில், இதே தெருவில் மெலிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஏரிக்குள் கையால் துழாவி இறால் பிடித்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு நிற்கும் இருளர் பெண்களிடம் எடை குறைப்பு பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் குறைபடுவது ஒன்றுதான்: மீன், பருப்பு, முட்டை, கீரை. அந்த உலையைச் சரிசெய்தால் இருவருக்கும் நல்லது. ஒருவர் தட்டிலிருந்து பிடுங்கி இன்னொருவர் இளைக்க வேண்டியதில்லை.

பொதுவில் முடிவெடுத்துப் பொதுவில் நடத்துவது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. பாடு முறை அதற்குச் சான்று. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்து, தலைமுறைகளாக நடத்திவருகிறார்கள். அதில் இடம் கிடைக்காத சமூகங்களின் குறை உண்மையானது. அது தீர வேண்டும். ஆனாலும் நல்ல இடத்தை ஒருவனே அள்ளிக்கொள்ளக் கூடாது என்ற அறிவு இந்தக் கரையில் பிறந்தது. அதை அடுப்பங்கரைக்கும் கொண்டுவரலாம். படகில் வரும் மீனில் ஏலத்துக்கு முன்பே குழம்புக்கென்று ஒரு பங்கு எடுத்து வைப்பதை ஊர்க் கட்டாக ஆக்கலாம். படகில்லாத வீட்டுக்கும் அதில் ஒரு கை போகட்டும். டீக்கடைகள் கேட்காமலே பாதிச் சர்க்கரை போட ஒத்துக்கொள்ளலாம். கோயில் திருவிழாவிலும் கந்தூரியிலும் மாதா விழாவிலும் இனிப்புத் தண்ணீருக்குப் பதில் மோரும் பானகமும் வைக்கலாம். பானகத்தில் வெல்லம் குறையட்டும்.

அரசின் பங்கும் இதில் தெளிவானது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். திருவள்ளூர்க் கரையோரத்துக்கும் அது வர வேண்டும். பருப்பின் அளவு கூட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. மாத்திரையோடு எடைக் கருவியும், பேசுவதற்குக் கால் மணி நேரமும் வர வேண்டும். பகலில் தூங்கும் ஆணைச் சந்திக்க மாலை நேர முகாம் வேண்டும்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் பாட்டுக் கணக்கு முடிந்ததும் ஒரு அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். சுகாதார நிலையத்துச் செவிலியரை அழையுங்கள். எடை பார்க்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு தையல் டேப்பு போதும்: பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எச்சரிக்கைக் கோடு. முதலில் ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் அளந்துகொள்ளட்டும். பிறகு டீக்கடைக்காரர், பிறகு படகுக்காரர்கள். மூன்று மாதம் கழித்து, அதே கூட்டத்தில், அதே டேப்பு.