எந்திரத்தைக் கழுவுகிறவன் எந்தக் கணக்கில்?

தொழிலாளர் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். எந்திரத்தை ஓட்டுகிறவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனுக்கு ஹெல்மெட், கையுறை, நஷ்டஈடு எல்லாம் கேட்கிறார்கள். கேட்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதே எந்திரம் நின்ற பிறகு உள்ளே இறங்கிக் கழுவுகிறவன், துருவைச் சுரண்டுகிறவன், பெயிண்ட் அடிக்கிறவன், அடியில் தேங்கின சகதியை வாளியில் அள்ளுகிறவன் யார் பேச்சிலும் வருவதில்லை. கேட்டால் 'அது காண்ட்ராக்ட் வேலை தோழர்' என்கிறார்கள். காண்ட்ராக்ட் என்பது புதுச் சொல். அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் பழைய வழக்கம்.

நான் ஏற்காடு மலையில் செம்மநத்தம் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் லயன் வீட்டில் வளர்ந்தவன். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏரி தெரியும், காபி வாசனை தெரியும். பல்பர் கொட்டகையின் பின்பக்கம் தெரியாது. பழத்தின் தோலை உரிக்கிற எந்திரம்தான் பல்பர். உரித்த கொட்டை வழவழப்போடு தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் கிடந்து புளிக்கும். பிறகு கழுவிக் களத்தில் காயப் போடுவார்கள். கழுவின தண்ணீரும் தோலும் பின்பக்கக் குழியில் போய்த் தேங்கும். அது அழுகும்போது குழிக்குள் இருக்கிற பிராணவாயு தீர்ந்துபோகும். கரியமில வாயு காற்றைவிடக் கனம், அடியிலேயே படுத்துக்கிடக்கும், வாசனையும் கிடையாது. அழுகின முட்டை மாதிரி நாறுகிற ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். அது அளவு மீறிப்போனால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாத்தம் கொறஞ்சிருச்சு, எறங்கலாம்' என்று சொல்கிற நேரம்தான் சாவு வருகிற நேரம்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் அந்தக் குழியை வழிப்பது வருசா வருசம் எங்க அப்பா வேலை. ஒரு வருசம், "எறங்குடா, அஞ்சு நிமிச வேலை" என்றார் மேஸ்திரி. அப்பா ரெண்டாவது வாளியை நிரப்பவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார். களத்தில் நின்ற ஒருத்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்து, மூட்டை கட்டுகிற கயிற்றை அவர் அக்குளில் மாட்டிவிட்டார். மேலே இருந்து இழுத்துப் போட்டார்கள். ரெண்டு பேரும் பிழைத்தது அதிர்ஷ்டம். "குடிச்சுட்டு எறங்கியிருப்பான்" என்றார் ரைட்டர்.

அப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை. குடித்திருந்தாலும் கேள்வி மாறாது. குழிக்குள் மூச்சுவிடக் காற்று இருந்ததா? அதை யார் சோதித்தது? அடுத்த வருசமும் அவரையேதான் கூப்பிட்டார்கள். எஸ்டேட்டில் எத்தனையோ ஆம்பளைகள் இருந்தார்கள். எங்க லயனைத் தாண்டி அந்தக் கூப்பாடு போனதே இல்லை.

பழியை உள்ளே இறங்கினவன் தலையில் போடுவது மலையில் மட்டும் நடப்பதல்ல. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, குழாய் கழுவின தண்ணீர் தொட்டிக்குள் போய்விட்டது, கழுவும்போது வைக்க வேண்டிய அடைப்புத் தகட்டை வைக்கவில்லை என்று தொழிலாளர் தரப்பு சொன்னது. யூனியன் கார்பைடு என்ன சொன்னது? மனக்கசப்பில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீர் விட்டான் என்றது. அமெரிக்கக் கம்பெனிக்கும் எங்க ரைட்டருக்கும் பேச்சு ஒன்றுதான்.

சட்டம் இல்லாமலா இருந்தது? 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு தெளிவாகவே சொன்னது. ஆளை மயக்கிச் சாய்க்கிற வாயு இருக்கக்கூடிய தொட்டியிலோ குழியிலோ யாரையும் இறக்கக் கூடாது. இறக்கியே ஆகவேண்டும் என்றால், வாயுவை வெளியேற்றித் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவனுக்குச் சுவாசக் கருவி மாட்டி, இடுப்பு வாரில் கட்டின கயிற்றின் மறுமுனையை வெளியே ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆனால் மின்சாரத்தில் எந்திரம் ஓடுகிற இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. பல்பர் கொட்டகையில் அஞ்சாறு பேர். 1951ஆம் வருசத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு அத்தியாயம் சேர்ந்ததே 2010இல்தான். அதுவும் பூச்சிமருந்து, ரசாயனம் பற்றியது. எங்க குழி எந்தச் சட்டத்திலும் விழவில்லை, ஆள்தான் விழுந்தான்.

சரி, இப்போது? 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த 10, 20 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு 20 பேர் என்று இருந்தது 50 ஆகிவிட்டது. ஆட்களைப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கணக்குக் காட்ட முதலாளிக்குச் சொல்லித் தர வேண்டுமா?

சாக்கடையில் செத்தவர்களுக்காவது போராடி ஒரு கணக்கு வந்திருக்கிறது. 2014இல் உச்சநீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. சாவுக் கணக்கில் தமிழ்நாடுதான் முன்னால் நிற்கிறது, 200க்கும் மேல். ஆனால் 2013ஆம் வருசச் சட்டத்தின்படி சாக்கடை என்றாலும் செப்டிக் டேங்க் என்றாலும் அதில் மனித மலம் இருக்க வேண்டும். காபித் தோல் சகதியிலும் சாயப்பட்டறைத் தொட்டியிலும் செத்தால் அந்தக் கணக்கிலும் இடமில்லை. எந்தக் கழிவில் செத்தான் என்று பார்த்துத்தான் பிணத்துக்கு விலையா?

பெயிண்டும் அப்படித்தான். மூடின தொட்டிக்குள் தின்னர் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். சுரண்டுகிற பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்று 2017 நவம்பரில் விதி வந்தது. ஆலைப் பெயிண்டை அந்த விதி தொடவில்லை. வீட்டுக்குள் இருக்கிறவன் குழந்தை குழந்தை, உப்புத்தாளால் தேய்க்கிறவன் வீட்டுக்குக் கொண்டுபோகிற தூசியில் விளையாடுவது குழந்தை இல்லையா?

ஆயுத பூசைக்கு முதல் நாள் வந்து பாருங்கள். எந்திரத்தை வழித்துத் துடைத்துப் பெயிண்ட் அடிப்பது எங்க ஆள். மறுநாள் சந்தனம், குங்குமம், கற்பூரம் எந்திரத்துக்கு. துடைத்தவன் வாசலில் நின்று பொரி வாங்கிக்கொள்ள வேண்டும். இரும்புக்குக் கிடைக்கிற மரியாதையில் பாதி எங்களுக்குக் கிடைத்திருந்தால் எத்தனையோ பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

வர்க்கம் பேசுகிற தோழர்களுக்கு ஒன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூலில் எச்சில் படும், தீட்டு என்று சொல்லி நெசவுப் பிரிவில் தலித்துகளை விடவில்லை. 1928 வேலைநிறுத்த காலத்திலேயே அம்பேத்கர் அதைத் தொழிற்சங்கத்திடம் கேட்டார். அவர் கேட்டது கூலி பிரச்சினையை மட்டுமல்ல, எந்த வேலைக்குள் யாரை விடுகிறாய் என்பதை. நான் கேட்பது அதன் மறுபக்கம்: எந்த வேலைக்குள் எங்களை மட்டும் தள்ளுகிறாய்?

2020 ஜூலை 1, நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து அன்றைக்கே 6 பேர் செத்தார்கள். அதே நிலையத்தில் மே 7இல்தான் இன்னொரு கொதிகலன் வெடித்திருந்தது. எங்க சேலம் மாவட்டத்து மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 2024 டிசம்பர் 19இல் நிலக்கரித் தொட்டி சரிந்து ஒப்பந்தத் தொழிலாளர் 2 பேர் செத்தார்கள். விபத்து என்று எழுதி முடித்துவிட்டால் போதுமா? செத்தவன் என்ன வேலைக்கு, யார் அனுப்பி, எந்தச் சான்றோடு அங்கே போனான் என்பதையும் எழுது. அவன் எந்தச் சேரி, எந்த ஊர் என்பதையும் எழுது. எழுதினால் இது விபத்தா வழக்கமா என்பது வெளியே வரும்.

சங்கங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கழுவுகிறவனை, சுரண்டுகிறவனை, பெயிண்ட் அடிக்கிறவனை உறுப்பினராகச் சேருங்கள். ஆள் எண்ணிக்கை பார்க்காமல் எல்லாக் குழிக்கும் ஒரே விதி கேளுங்கள். எங்க ஜனங்களுக்குச் சொல்வது இது: 'எறங்கு' என்று எவன் சொன்னாலும், உள்ளே காற்று இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கயிறு எங்கே, அதைப் பிடிக்கப்போகிற ஆள் யார் என்று கேளுங்கள். பதில் வராத வரைக்கும் யாரும் இறங்காதீர்கள்.