பாட்டுக்குப் பூட்டு: சாவி யார் கையில்?

போன மாசம் ஊருக்குப் போனேன். பஸ்ஸில் ஆறு மணி நேரம். வழியில் கேட்கலாமென்று ஒரு பாட்டுச் செயலியில் நாற்பது பாட்டை இறக்கி வைத்திருந்தேன். திறந்தால் ஒன்றும் பாடவில்லை. வருஷச் சந்தா முந்தின நாளோடு முடிஞ்சு போச்சாம். பாட்டு எங்கேயும் போகல. என் போனுக்குள்ளேதான் இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஆனால் பாடாது.

நான் வங்கிக் குமாஸ்தா. லாக்கர் திறப்பதைத் தினம் பார்க்கிறவன். வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று. ரெண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். கிளையையே மூடினாலும் முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்து, லாக்கரை மாற்றிக்கொள்ளவோ முடித்துக்கொள்ளவோ உரியவருக்கு வழி விட்டாக வேண்டும். பாட்டுக் கம்பெனிக்காரன் போடும் பூட்டுக்கு ஒரே சாவி. அது அவன் கையில்.

இந்தப் பூட்டுக்குப் பெயர் டி.ஆர்.எம். ‘டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மெண்ட்’. உரிமை மேலாண்மையாம்! யாருடைய உரிமை? யார் மேல் ஆண்மை? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் இதில் ‘ரைட்ஸ்’ என்பதை அடித்துவிட்டு ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று எழுதுகிறார்கள். சரியான திருத்தம். விலங்குக்கு நல்ல பெயர் வைப்பது அதிகாரத்தின் பழைய பழக்கம்.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லை தோழர்களே. 2004இல் மைக்ரோசாஃப்ட் எம்.எஸ்.என். மியூசிக் என்ற கடையைத் திறந்தது. ‘ப்ளேஸ் ஃபார் ஷ்யூர்’, அதாவது கட்டாயம் பாடும் என்பது அந்தப் பூட்டோடு வந்த முத்திரை. 2006இல் கடையை மூடினார்கள். 2008 ஏப்ரலில், ஆகஸ்ட் 31க்குப் பிறகு சாவி கொடுக்கும் சர்வரையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதன்பின் புதுக் கணினி வாங்கினால், காசு கொடுத்து வாங்கின பாட்டு அதில் பாடாது. வாங்கினவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான் 2011 வரை தவணை கிடைத்தது. 2005இல் சோனி பி.எம்.ஜி. இன்னும் கீழே இறங்கியது. அதன் சி.டி.யைக் கணினியில் போட்டால், ஒளிந்துகொள்ளும் மென்பொருள் ஒன்று சொல்லாமல் உள்ளே புகுந்தது. மார்க் ருசினோவிச் அதைக் கண்டுபிடித்து எழுதிய பிறகே சி.டி.களைத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் 2024இல் ரெஸ்ஸோவும் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டன.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். பூட்டும் கட்டற்ற மென்பொருளும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். படிக்கத் தெரிந்தவன் பூட்டைக் கழற்றிவிடுவான். ஆகவே பூட்டு வேலை செய்ய வேண்டுமானால், உன் கணினி என்ன செய்கிறது என்று உனக்கே தெரியக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸ் கட்டற்ற மென்பொருள்தான். ஆனால் அதில் ஸ்பாட்டிஃபை கேட்க வேண்டுமானால் கூகுளின் வைட்வைன் என்ற மூடின துண்டை உள்ளே விட்டாக வேண்டும். இந்த வகைப் பூட்டு உலாவியோடு பேசுவதற்கான வழியை, வலையின் தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சி 2017இல் தரமாகவே ஏற்றது. எதிர்த்து வெளியேறியது ஈ.எஃப்.எஃப். என்ற உரிமை அமைப்பு.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் ஓசியா, விடுதலையா என்று குழப்பம் உண்டு. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. நாம் கேட்பது ரெண்டாவது.

கலைஞனுக்குக் காசு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2003இல் பூட்டோடு பாட்டு விற்க ஆரம்பித்த ஆப்பிள், 2009இல் விற்கும் பாட்டின் பூட்டைக் கழற்றியது. கடை ஒன்றும் இடிஞ்சு விழல. பேண்ட்கேம்ப் 2008இலிருந்து பூட்டில்லாமல்தான் விற்கிறது. மீறல் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் ரெண்டு வருஷம் வரை சிறை என்று 2012 திருத்தச் சட்டத்தின் 65ஏ பிரிவு சொல்கிறது. நான் பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. பூட்டில்லாத கடைக்குப் போகச் சொல்கிறேன்.

வழி இருக்கு. பாரிஸை ஒட்டி ஒரு கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கின வேலையிலிருந்து வந்தது வி.எல்.சி. போனிலும் ஓடும், கணினியிலும் ஓடும், இணைய வானொலியும் பாடும். இண்டர்நெட் ஆர்க்கைவில் இசைக்குழுக்களே அனுமதித்த மேடைப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. இறக்கி பென்டிரைவில் போட்டு வைக்கலாம்.

இந்தப் பத்திரிகையை ஒருத்தர் வாங்கினால் பத்துப் பேர் படிக்கிறீர்கள். நம் கூட்டங்களில் பாடின பாட்டும் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவாகித்தான் சேரி சேரியாகப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குத் தோழர்கள் அதே பாட்டைப் பதிவு செய்து, பூட்டுப்போட்ட செயலியில் மட்டும் ஏற்றிவிட்டு, உலகம் பூரா போயிடுச்சு என்று சந்தோஷப்படுகிறார்கள். ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் பிரதி ஃப்ளாக் கோப்பாக நம் கையில் இருக்கட்டும். இன்னும் ரெண்டு பிரதி வேறு வேறு ஊரில் இருக்கட்டும். யாரும் இறக்கிக்கொள்ளும்படி ஒன்றைப் பொதுவில் வையுங்கள்.

நம் பாட்டுக்காரர்களில் பலர் ஏட்டில் எழுதி வைக்காதவர்கள். ஒப்பாரி பாடின கிழவிக்குக் குரல்தான் ஏடு. பூட்டினவன் கடையைக் கட்டிவிட்டுப் போகிற அன்றைக்கு, அந்தக் குரலைக் கேட்டு நாம் யார் வாசலில் போய் நிற்பது?