வெட்சியும் எக்சோராவும்

புறப்பொருள் கற்பிப்போர் முதலில் எடுத்துக்கொள்வது வெட்சித்திணை. தொல்காப்பியர் அதனைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையின் பன்னிரண்டு படலங்களுள்ளும் வெட்சிப் படலமே முதலாவது. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் மறவர் வெட்சிப்பூச் சூடினர் என்று யானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு உரைத்து வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, அந்தப் பூ என்ன மாதிரி இருக்கும்?” என்று கேட்டாள். “செந்நிறமாய் இருக்கும்” என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை.

நொச்சியைக் கேட்டிருந்தால் வேலியைக் காட்டியிருப்பேன். தும்பையை மாரிகாலத்தில் முற்றத்திலேயே காட்டலாம். வெட்சி மட்டும் எனக்கு ஏட்டுப் பூவாகவே இருந்தது. நாணத்தோடு செடிநூல் ஒன்றைப் புரட்டியபோதுதான், என் வீட்டுக் கிணற்றடியில் வாடி நின்ற ‘எக்சோரா’வே வெட்சி என்று அறிந்தேன். தமிழ்நாட்டார் அதனையே இட்லிப்பூ என்பர். சிங்கள மக்கள் ரத்மல் என்பர். தென்னிந்தியாவும் இலங்கையுமே அதன் தாயகம். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-இல் தம் நூலில் வழங்கிய ‘இக்சோரா’ என்னும் பெயரும், ஈசுவரன் என்ற சொல் போர்த்துக்கேயர் வாயில் திரிந்ததன் வழிவந்தது என்பர். நம் சொல்லே வேற்றுடை தரித்து வந்து நிற்க, அதனை அந்நியச் செடி என்று எண்ணி விலைகொடுத்து வாங்கி வந்தவன் யான்.

அச்செடி வாடியதற்குக் காரணம் என்னவென்று ஆராய்ந்தேன். “தீவு மண்ணிலே அது வராது, நிழலிலே அது பூக்காது” என்றே கேட்டவரெல்லாம் கூறினர். குறிகட்டுவான் புங்குடுதீவின் ஓரத்தே உள்ள துறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இங்கேதான் படகேறுவர். துறைக்கு அப்பால் உள்ள வளவுகள் பல, 1990-களின் இடப்பெயர்வுக்குப் பின் ஆளின்றிப் பூட்டிக் கிடக்கின்றன. வெட்டுவாரில்லாமையால் வேம்பும் பூவரசும் தழைத்து முற்றங்களை மூடிவிட்டன. ஆதலின் நிழலில் வளரும் பூஞ்செடி எது என்பது இங்கே வீண் வினாவன்று.

நிழலைப் பழித்தல் முழு உண்மையாகாது. நிழலிலும் வகையுண்டு. அடர்ந்த வேம்பின் கீழ் வெட்சி நெட்டையாய் வளர்ந்து இலை மட்டுமே தரும். பனைகளுக்கிடையே வெயிலும் நிழலும் கலந்து விழும் இடத்தைச் சங்கப் புலவர் வரிநிழல் என்றனர். அவ்விடத்தில், காலை வெயில் சில நாழிகை பட்டு, உச்சிவெயில் மறைக்கப்படுமாயின் அது செழித்துப் பூக்கும்.

உண்மையான இடர் மண்ணிலேதான் உள்ளது. தீவுகளின் அடித்தளம் சுண்ணக்கல். வெட்சியோ புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. சுண்ணம் மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் கரையாது. வேர் அதனை உறிஞ்ச இயலாது. ஆகவே இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். யான் செய்ததோ சீமெந்துச் சுவரருகே நட்டு, கிணற்று நீரையே வார்த்து, சத்தென்று கருதி அடுப்புச் சாம்பலையும் கொட்டியது. “தம்பி, சாம்பலைக் கொட்டிக் கொட்டியே அதைக் கொல்லுறியள்” என்று அயல்வீட்டு ஆச்சி சொன்ன பின்னரே என் பிழை விளங்கிற்று. சாம்பலும் சுண்ணத்தின் வேலையையே செய்யும்.

செடியைப் பெயர்த்து, பெரிய மண்சாடி ஒன்றில் பூவரசங்குழையும் மக்கிய சாணமும் தென்னந்தும்பும் கலந்து நட்டேன். நம் முன்னோர் தோட்டத்தில் குழை தாழ்த்திய முறையே இது. சீமெந்துச் சாடி ஆகாது. அதிலிருந்தும் சுண்ணம் கசியும். மாரியில் கூரைநீரைச் சேமித்து அதனையே வார்த்தேன். பூ உதிர்ந்தபின் நுனிகளைக் கிள்ளினேன். பூங்கொத்து கிளை நுனியிலேயே வருமாதலின், கிளை பெருகினால் பூவும் பெருகும். இரண்டாம் ஆண்டில் செம்பவளக் கொத்துப்போல் முதற்பூ விரிந்தது. அன்றுதான் வெட்சித்திணையை யான் கற்றேன் என்று கூறுதல் மிகையாகாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை நிரல்படுத்தினார். வெட்சியும் அவற்றுள் ஒன்று. அவற்றை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவரை மெச்சுகின்றோம், பரிசிலும் அளிக்கின்றோம். அவற்றுள் பத்தையேனும் கண்டு அறிந்தவர் யார் என்று வினவுவதில்லை. பொருளைக் காட்டாது சொல்லை மட்டும் கொடுக்கும் கல்வி, நீரில்லாக் கிணற்றில் துலா மிதிப்பது போன்றது. இக்குறை மாணவருடையதன்று, என் போன்ற ஆசிரியருடையது.

எனவே என் கருத்து இது: தமிழ் கற்பிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் வரிநிழல் விழும் ஒரு மூலையில் வெட்சியும் நொச்சியும் நிற்றல் வேண்டும். அவற்றின் கீழ் அவற்றின் தமிழ்ப்பெயர் எழுதப்படல் வேண்டும். திணையைப் பற்றிய பாடம் அந்நிழலிலேயே நடத்தப்படல் வேண்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டா. ஒரு மண்சாடியும், ஒரு கூடை குழையும், பள்ளி விடுமுறையில் நீர் வார்க்க ஒருவரும் போதும். மூன்றாவதே அரிது என்பதை அறிவேன்.

வினவிய மாணவி பள்ளியை விட்டுச் சென்றுவிட்டாள். அவளுக்கு விடைகூறும் கடன் என்மேல் இன்னும் நிற்கின்றது. மழை பெய்யும் கார்த்திகையே தண்டு வெட்டி நடுதற்கு ஏற்ற பருவம். என் செடியும் இப்போது வெட்டிக் கொடுக்கத்தக்க அளவு கிளைத்துள்ளது. நடுவதற்கு இடமும் நீர் வார்ப்பதற்கு மனமும் உள்ள ஆசிரியர் எவரேனும் வருவாராயின், தருதற்கு யான் ஆயத்தமாயுள்ளேன்.